சத்திரக்காரனைப் பின்னிய முறை

1961ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலைப் பூசையின் முடிவில் எங்கள் கோயிலில் ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. கிறிஸ்து பிறப்புக் குடிலில் இனி மதுரையிலிருந்து வரவழைத்த சாந்துச் சொரூபங்கள் மட்டுமே வைக்கப்படும். வீடுகளில் நூலால் செய்த பொம்மைகள் ஏற்கப்படமாட்டா என்பது அதன் சாரம். சொரூபங்களைக் காணிக்கையாகக் கொடுத்தவர் சிலுவைமுத்து சம்மாட்டி. எங்கள் குடிலில் நூலால் செய்த பொம்மை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைச் செய்தவள் என் மகள் ஜோதிமேரி. பொம்மைகள் என்று பன்மையில் வாசித்தாலும் அவர்கள் விலக்கியது அந்த ஒன்றைத்தான். இது என் மகளுக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி. முதலாவதைச் சொல்லாமல் இது விளங்காது.

அக்காள்மடத்தை அடுத்த கடற்கரைக் குடியிருப்பு எங்களுடையது. அங்குள்ள பள்ளியில் தமிழும் கணக்கும் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஊரிலுள்ள வள்ளங்களும் வலைகளும் பெரும்பாலும் சிலுவைமுத்துவுக்கு உரியவை. ஆகவே ஊரார் அவரைச் சம்மாட்டி என்பார்கள். 1955இல் எங்கள் ஊரில் கல்லால் கட்டி ஓடு வேய்ந்த கட்டடங்கள் இரண்டே இருந்தன. ஒன்று கோயில், மற்றொன்று அவர் கருவாடு சேர்த்துவைக்கும் கிட்டங்கி. ஏனையவை ஓலை வீடுகள்.

அவ்வாண்டு நவம்பர் மாதக் கடைசி நாளில் பெரும்புயல் வந்தது. பழைய மாணவன் குருநாதனின் திருமணத்திற்காக நான் முதுகுளத்தூருக்குச் சென்றிருந்தேன். ஜோதிமேரியின் கணவன் தொம்மை மீன் ஏற்றிக்கொண்டு மண்டபம் ஊருக்குப் போனவன் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். ஜோதிமேரி நிறைசூலி. பிற்பகலிலேயே கடல்நீர் புகுந்து கோயிலுக்குப் போகும் வழியை மூடிவிட்டது. வீட்டுக் கூரை பறந்ததும் பக்கத்து வீட்டு அற்புதம்மாள் அவளைக் கைத்தாங்கலாகக் கிட்டங்கிக்கு அழைத்துச் சென்றாள். இருவரும் கதவைத் தட்டினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். காற்றின் இரைச்சலில் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்கவில்லை. கதவின் கீழிடுக்கில் வெளிச்சமும் இல்லை. ஆனால் கதவின்மேல் உள்ளங்கையை வைத்திருந்த ஜோதிமேரி, உள்ளே மரத்தாழ் நகர்ந்து துளையில் ஏறுவதைக் கையால் உணர்ந்தாள்.

கிட்டங்கிச் சுவரின் மறைவில் கவிழ்ந்து கிடந்த ஒரு வத்தைப் படகின் அடியில் என் பேரன் பிறந்தான். அற்புதம்மாள் மழைநீரை உள்ளங்கையில் ஏந்தி அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாள். காற்று ஓய்வதற்கு முன் அவன் மூச்சு ஓய்ந்தது.

சாலையும் இரயிலும் அற்றுப்போனமையால் நான் ஊர்திரும்பச் சில நாள்கள் ஆயின. அதற்குள் ஊரில் ஒரு கதை உறுதிப்பட்டிருந்தது. புயலுக்கு முதல் நாளே தாம் இராமநாதபுரம் போய்விட்டதாகவும், சாவி தம் இடுப்பிலேயே இருந்ததாகவும், கிட்டங்கிக்குள் ஈ எறும்புகூட இல்லையென்றும் சம்மாட்டி கூறினார். அவருடைய வள்ளத்தில் கடலுக்குப் போகும் ஆண்கள் அனைவரும் தலையசைத்தார்கள். "கதவு பூட்டப்பட்டிருந்தது" என்பதே ஊரின் வாக்கியம். பூட்டியவர் யார் என்று சொல்லாமலே முற்றுப்பெறும் வாக்கியம் அது. அவ்வசதிக்காகவே அதை எல்லாரும் விரும்பினார்கள். என் மகளைப் பற்றி மட்டும் எழுவாயோடு பேசினார்கள். அவள் பயந்து கரைக்கு ஓடினாள். அவள் பிள்ளையைப் பறிகொடுத்தாள். பழிக்கு அஞ்சி அவள் கதவைத் தட்டியதாகப் பொய் சொல்கிறாள். இதை முதலில் சொன்னவள் தொம்மையின் தாய். கூடப்போன அற்புதம்மாளின் சாட்சியையும் தோழமைக்காகச் சொன்னது என்று தள்ளிவிட்டார்கள். தொம்மை தன் தாயைத் தடுக்கவில்லை. ஜோதிமேரி என் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள்.

 பிறக்கவிருந்த பிள்ளைக்காக வெள்ளைக் கம்பளி நூலில் ஒரு குல்லாவும் காலுறைகளும் பின்னி என் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் அவற்றைப் பிரித்து, நூலைப் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். துயரத்தால் செய்கிறாள் என்றெண்ணி, வைத்துவிடம்மா என்றேன்.

"பொம்ம பின்னப் போறேன் அய்யா."

யாருக்கு என்றேன்.

"குடிலுக்கு. நெறசூலியா வந்து நின்ன மாதாவுக்கு இடமில்லன்னு சொன்னானே சத்திரக்காரன், அவன் நம்ம குடில்ல இல்ல பாத்தீகளா? அவனப் பின்னப் போறேன். சம்மாட்டி சாயல்ல."

எங்கள் ஊர்க் குடிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருநாளுக்கு முந்திய மாலையில் ஒவ்வொரு வீட்டாரும் ஓர் உருவம் கொண்டுவந்து வைப்பார்கள்: களிமண் ஆடு, சிறு வள்ளம், மீன்கூடை சுமக்கும் பெண். சாமியார் அவற்றின்மேல் தீர்த்தம் தெளிப்பார். தெளித்தபின் ஜனவரி ஆறாம் நாளாகிய மூவரசர் திருநாள் வரையில் எந்த உருவத்தையும் எவரும் தொடலாகாது. தொட்டவர் வலை அவ்வாண்டு முழுவதும் பாறையில் சிக்கும் என்பது நம்பிக்கை. வலை இல்லாத சாமியார்களும் அதற்கு அஞ்சி நடந்தார்கள்.

நான் சிலேட்டை எடுத்துவந்து அவள் முன் அமர்ந்தேன். அவளுக்கு இருந்த சினத்தில் எனக்குப் பாதியாவது இருந்தது.

முன்மாதிரி எங்களிடம் இல்லை. கன்னியர் மடத்தில் கற்றபோது ஜோதிமேரி பின்னியது தொப்பியணிந்த வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தியை மட்டுமே. அந்த அளவுகளைப் பெருக்கினால் சம்மாட்டி வருவாரா என்று கேட்டேன். பெரிய வெள்ளைக்காரச் சிறுமிதான் வருவாள் என்றாள். ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து வகுக்க வேண்டியதாயிற்று.

தலையை அலகாகக் கொண்டேன். குழந்தைக்குத் தலை பெரிது, உடல் சிறிது. பொம்மைகளை அவ்வாறே செய்கிறார்கள். ஆதலால் பார்ப்பவர்க்கு அவற்றின்மேல் இரக்கம் உண்டாகிறது. இரக்கம் உண்டாகலாகாது என்பது எங்கள் முதல் விதி. தலையைச் சுருக்கி உடலைப் பெருக்கினேன். கழுத்தை நீக்கினேன், இயற்கையிலும் அவருக்கு அது இல்லை. சிலேட்டில் நான் வரைந்த அகலத்தை ஊசியில் எத்தனை கண்ணியாக ஏற்றுவது என்பது அடுத்த வினா. அவள் ஒரு சதுரத் துண்டு பின்னி, நனைத்து, நிழலில் உலர்த்தினாள். ஒரு விரல் அகலத்துக்கு எத்தனை கண்ணி என்று அதில் எண்ணித்தான் முழு உருவத்தையும் கணக்கிட வேண்டும். நான் பொறுமையிழந்து, உலரும் முன்னே எண்ணத் தொடங்கினேன்.

"ஈரத்துல எண்ணாதீங்க அய்யா. காஞ்சா சுருங்கும். பெறகு ஆளு குட்டையாப் போயிருவான்."

அவர் குட்டைதானே என்றேன்.

"குட்டைன்னா சிரிப்பாக. இவனப் பாத்து யாரும் சிரிக்கப்படாது."

முகத்துக்கும் கைகளுக்கும் மரப்பட்டைத் துவரில் ஊறிய பழுப்பு வலைநூலை எடுத்துக்கொண்டாள். குல்லாவும் காலுறைகளும் அவருடைய சட்டையும் வேட்டியும் ஆயின. தொந்தியை அமைப்பதில் ஒரு நுட்பம் இருந்தது. சுற்றிலும் கண்ணிகளைக் கூட்டினால் உருவம் பூசணிக்காய் போல எப்பக்கமும் உருண்டுவிடும். எனவே முன்பக்கத்தில் மட்டும், வரிசை முடியும் முன்பே ஊசியைத் திருப்பிப் பின்னிக்கொண்டு வந்தாள். அவ்வாறு செய்யுமிடத்தில் வரிசைகள் மிகுந்து துணி முன்னே புடைத்தது. முதுகு தட்டையாகவே நின்றது. நிமிர்ந்து நிற்பதற்காக அடியில் கடற்கரை மணலைச் சிறு பையில் கட்டி வைத்து, மேலே இலவம் பஞ்சு அடைத்தாள். இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டு, அதில் சாவிக்கொத்து, சட்டைக்கு வெளியே எல்லாரும் காணத் தொங்கும் உத்தரியம் என்னும் பக்திக் கயிறு. மூக்குக்கு ஒரு முடிச்சு, மீசைக்கு ஒரு கறுப்பு இழை. வேறு முகம் வேண்டியிருக்கவில்லை.

கைகளையும் தைத்து முடித்தபின் அற்புதம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவள் இடுப்பில் கைவைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"பெல்ட்டு அவரு பெல்ட்டுதான். தொந்தியும் அவருதுதான். ஆனா இவன் என்னத்தா இப்பிடிக் கைய விரிச்சிக்கிட்டு நிக்கிறான்? வா தாயி, உள்ள வா, கஞ்சி குடின்னு கூப்புடுறாப்புல இருக்கு. இவன் கதவச் சாத்தவா செய்வான்? கட்டில எடுத்துல்ல போடுவான்."

அவள் கூறியது முற்றும் உண்மை. தனியே பின்னித் தோளில் தைத்த கைகள் விரிந்தே நிற்கும். அணைக்க வருவது போலவே தோன்றும். எல்லாப் பொம்மைகளும் நம்மை வரவேற்பது இக்காரணத்தால்தான். மறுக்கும் பொம்மையை அதுவரையில் எவரும் வகுத்ததில்லை. அல்லது நாங்கள் அறியோம். ஜோதிமேரி தலைமுதல் கால்வரை அதைப் பிரித்துவிட்டாள்.

மறுநாள் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். நான் எங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே நிற்க வேண்டும். அவள் வெளியே நிற்பாள். அவள் உள்ளே வர எத்தனிக்கும்போது நான் கதவைச் சாத்த வேண்டும். எனக்குக் கை வரவில்லை. பாதி சாத்தி நிறுத்திவிட்டேன்.

"அய்யா, நீங்க அய்யாவா நிக்கிறீக. அவரா நின்னு சாத்துங்க."

சாத்தினேன். மறுபடியும் சாத்தச் சொன்னாள். மீண்டும் மீண்டும் சாத்தினேன். வெளியே நின்ற அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. என் தோளையும் முழங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் உள்ளே வந்து அமர்ந்து, தான் கண்டதைச் சொன்னாள். மறுப்பவனின் தோள் முதலில் திரும்புகிறது; முகம் அதற்குப் பின்னரே திரும்புகிறது. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்கிறது. உடலின் கனம் பின்காலுக்குப் போகிறது. இதைச் சொன்னபோது அவள் குரல் சமமாகவே இருந்தது. நான் கொல்லைப்புறம் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாம் உருவத்தில் கைகளைத் தனியே பின்னவில்லை. உடலோடு சேர்த்தே எழுப்பி, தொந்திக்குச் செய்தது போலவே முழங்கையின் வெளிப்புறத்தில் மட்டும் வரிசைகளை மிகுத்தாள். கை தானாக உள்நோக்கி மடங்கியது. வலக்கை முதுகுக்குப் பின்னே போய், பிளந்த மூங்கில் தாழ் ஒன்றைப் பற்றியது. மணற்பை பின்பக்கமாக நகர்த்தி வைக்கப்பட்டது. தலையைத் தோளுக்கு நேராகத் தைக்காமல், திரும்பத் தொடங்கி முடிக்காத நிலையில் தைத்தாள். ஒரு பலகைத் துண்டைக் கதவாக நிறுத்தினோம். அதன்முன் அதை வைத்தபோது எனக்கு மயிர் சிலிர்த்தது.

அப்போதுதான் நான் என் பங்கைச் செய்தேன். இடக்கையில் ஓர் அரிக்கேன் விளக்கு வேண்டும் என்றேன்.

"விளக்கு இல்லையே அய்யா. கதவுக்குக் கீழ இருட்டாத்தான கெடந்துச்சு."

இல்லை என்பதனால்தான் வேண்டும் என்றேன். வகுப்பறை எனக்குக் கற்பித்த பாடம் அது. குற்றத்தை மறுத்துக்கொண்டே இருப்பவனிடம் அதே குற்றத்தைக் கேட்டுப் பயனில்லை. அவன் செய்யாத, அதனினும் கொடிய ஒன்றைச் சுமத்த வேண்டும். அதிலிருந்து தப்ப, செய்த குற்றத்துக்குள் அவனே ஓடி ஒளிந்துகொள்வான். விளக்கோடு நின்றவர் என்றால் என் மகளின் முகத்தையும் வயிற்றையும் பார்த்துவிட்டே தாழிட்டார் என்று பொருள்.  ஜோதிமேரி ஒரு கோலிக்குண்டைச் சுற்றிப் பித்தளைக் கம்பியை வளைத்து விளக்குச் செய்தாள்.

திருநாளுக்கு முந்திய மாலை, சத்திரக்காரன் என்று சொல்லி அதைக் குடிலின் ஓரத்தில் வைத்தோம். வேதத்தில் சத்திரம் உண்டு. ஆகவே சாமியாரால் மறுக்க இயலவில்லை. அவர் குனிந்து பச்சை பெல்ட்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மற்றவற்றுக்குத் தெளித்தது போலவே அதற்கும் தீர்த்தம் தெளித்தார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஊரே குடிலைச் சூழ்ந்தது. முதலில் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பின் பேச்சு மெல்ல அடங்கியது. சம்மாட்டி தம் மனைவியோடு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் பார்த்தார். அவருடைய கை தம் பெல்ட்டுக்குப் போய்த் திரும்பியது. உடனே சாமியாரை அழைத்து அதை எடுத்துவிடச் சொன்னார். தீர்த்தம் தெளித்தாயிற்று, மூவரசர் திருநாள் வரையில் தம்மாலும் தொட முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். சம்மாட்டி சிரிக்க முயன்றார்.

"பெல்ட்டு போட்ட சத்திரக்காரன எந்த வேதத்துல வாத்தியாரய்யா படிச்சீக?"

நான் வாய் திறக்கும் முன், விளக்கின் சூழ்ச்சியை அறிந்திருந்த அற்புதம்மாள் முந்திக்கொண்டாள்.

"வேதத்துல அவன் பேரு இல்லையே சம்மாட்டி. அதான் தெரிஞ்ச ஆளா வச்சுக்கிட்டோம். கையில பாருங்க, வெளக்கு. வெளக்கத் தூக்கிப் புடிச்சு அந்தப் புள்ள மொகத்தப் பாத்தீக, வயித்தப் பாத்தீக, பாத்துட்டுத்தான தாழ்ப்பாளப் போட்டீக."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சம்மாட்டியின் மனைவி ஐந்து பிள்ளை பெற்றவள். அவள் திரும்பித் தன் கணவனைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க இயலவில்லை. அவர் மறுமொழி கூறியது எங்களுக்கு அன்று, அவளுக்கு.

"எந்த வெளக்கு? வெளக்க அணச்சுப்போட்டுத்தான நின்னேன். வெளிய நிக்கிறது சூலியா கெழவியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

 தாம் கூறியது இன்னதென்று அவருக்கே விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. புயலுக்குப்பின் கோயிலில் ஒரு சொல்லும் பேசியிராத என் மகள் அப்போது பேசினாள்.

"அப்ப உள்ளதான் இருந்தீக."

அவள் குரலை உயர்த்தவில்லை. சம்மாட்டி கூட்டத்தைப் பார்த்தார். அவருடைய ஆள்கள் தலையசைக்காமல் நின்றார்கள். அவர் மனைவி அவரை விட்டுவிட்டுத் தனியே நடந்து வீட்டுக்குப் போனாள்.

அன்று மாலையே தொம்மையும் அவன் தாயும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஜோதிமேரி அவர்களை உடனே உள்ளே அழைக்கவில்லை. வெயில் தாழும்வரை வெளியே நிற்கவைத்தாள். நானும் இடைமறிக்கவில்லை. பின்னரே வாருங்கள் என்றாள். மூவரசர் திருநாள் கழிந்து கணவன் வீட்டுக்குப் போனாள். இப்போது அவளுக்கு இரண்டு குழந்தைகள்.

சம்மாட்டி இன்றுவரையில் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பொம்மையைக் கேட்டு ஆள் மட்டும் அனுப்பினார், கொடுக்க மறுத்தேன். அடுத்த ஆண்டு ஜோதிமேரி அதன் கையிலிருந்த விளக்கை எடுத்துவிட்டாள். பொய் தன் வேலையை முடித்துவிட்டதால் இனி உண்மையே நிற்கட்டும் என்றாள். அதன்பின் ஆண்டுதோறும் வெறுங்கையோடு அது குடிலில் நின்றது. அவர் கறுப்பு பெல்ட்டுக்கு மாறினார், பயனில்லை. திருநாள் காலையில் பக்கவாசல் வழியாகக் கோயிலுக்குள் வரப் பழகினார். பிறந்து நடக்கத் தொடங்கிய பிள்ளைகளெல்லாம் அவரைத் தெருவில் கண்டால் சத்திரக்காரன் என்று தாயின் காதில் சொன்னார்கள். எனக்கு அது மகிழ்ச்சி தந்தது. அதை மறைக்கும் எண்ணம் எனக்கில்லை.

பழைய சாமியார் மாற்றலாகிப் போனார். புதியவர் இளையவர், நல்லவர். ஊர்ச் செய்தி அறியாதவர். குடிலில் பகைக்கு இடமிருக்கலாகாது, மன்னிக்கக் கற்க வேண்டும் என்று என்னிடம் கூறினார். கேட்கப்படாத மன்னிப்பை யாரிடம் கொடுப்பது என்று வினவினேன்.  அவர் சம்மாட்டி கொடுத்த சாந்துச் சொரூபங்களை ஏற்றார். அவற்றுள் மாதா உண்டு, சூசையப்பர் உண்டு, இடையரும் மூவரசரும் உண்டு. கதவைச் சாத்தியவர் மட்டும் இல்லை. எல்லாரும் வந்து வணங்கினார்கள், எவரும் மறுக்கவில்லை என்று இனி எங்கள் பிள்ளைகள் கற்பார்கள். சில ஆண்டுகளில் என் மகள் மறுபடியும் பொய்க்காரி ஆவாள். கதவு மறுபடியும் "பூட்டப்பட்டிருந்தது" ஆகும்.

அறிவிப்பைக் கேட்ட மாலை நான் கொதித்துக்கொண்டிருந்தேன். ஜோதிமேரி பொம்மையை மடியில் வைத்து, தளர்ந்திருந்த முழங்கையைத் தைத்துக்கொண்டே சொன்னாள்:

"இந்த ஒண்ணத்தான அய்யா அவரால நிறுத்த முடியும். உலகத்துல கோயில் ஒண்ணா இருக்கு? முறையத்தான் நீங்க அறிஞ்சு வச்சிருக்கீகளே. எழுதிப் போடுங்க."

ஆகவே எழுதியுள்ளேன். முறை முழுவதும் மேலே இருக்கிறது. வாசகரே, உம்மிடம் நான் அனுதாபம் கேட்கவில்லை. ஊசியை எடும், எடுக்கத் தெரியாவிடில் தெரிந்தவரை உட்காரவையும். மாதிரித் துண்டை உலரவிட்டு எண்ணும். தலையைச் சிறிதாக்கும். தொந்தியிலும் முழங்கையிலும் வரிசையின் பாதியிலேயே திரும்பும். கைகளை ஒருபோதும் தனியே பின்னித் தைக்காதீர். அவை விரிந்து அவரைக் காப்பாற்றிவிடும். இவ்வாண்டுத் திருநாளுக்குள் முடித்து, உம் ஊர்க் கோயிலின் குடிலில், தொட்டிலுக்கு முதுகு காட்டி அவரை நிறுத்தும். இவர் யார் என்று கேட்பவருக்குச் சிலுவைமுத்து என்று திருத்தமாகச் சொல்லும். சம்மாட்டி என்ற மரியாதைச் சொல்லைச் சேர்க்காதீர்.